‘ஹேஸ் பீன்’ தகராறு: அறிகுறி பார்த்துச் சரிசெய்வது எப்படி

வெளியே போகும் ஆங்கில மெயில்களை ஒரு தடவை பார்த்துவிட்டு அனுப்புவது எங்கள் அலுவலகத்தில் என் பொறுப்பு. எழுதுகிறவர்கள் யாரும் ஆங்கிலம் தெரியாதவர்கள் இல்லை. ஆனால் பிரசன்ட் பெர்ஃபெக்ட் பேசிவ், அதாவது ‘ஹேஸ் பீன்’, ‘ஹேவ் பீன்’ போட்டு எழுதும் செயப்பாட்டு வினை வந்துவிட்டால், அதே கோளாறுகள் வேறு வேறு ஆட்கள் கையால் திரும்பத் திரும்ப வந்து நிற்கும். இலக்கண வகுப்பு எடுக்கப் போவதில்லை. உங்கள் வாக்கியம் எந்தத் தலைப்பில் மாட்டுகிறதோ அங்கே நேராகப் போய்விடுங்கள். ஒவ்வொன்றிலும் சுலபமான காரணம் முதலில் இருக்கும், வாக்கியத்தையே கலைத்து எழுத வேண்டிய காரணம் பின்னால் வரும்.

## எந்தக் கோளாறாக இருந்தாலும் முதலில் இந்த இரண்டு சோதனை

முதல் சோதனை, உதிரி பாகங்கள். ‘தி இன்வாய்ஸ் ஹேஸ் பீன் சென்ட்’ என்பதில் மூன்று பாகம் உண்டு: ‘ஹேஸ்’ அல்லது ‘ஹேவ்’, அடுத்து ‘பீன்’, அடுத்து வினையின் மூன்றாம் வடிவம் (பள்ளிக்கூடத்தில் வி3 என்று படித்தது). மூன்றும் இதே வரிசையில் இருக்கிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள். நடுவில் ‘நாட்’, ‘ஆல்ரெடி’ போன்றவை வந்து உட்காரலாம், தப்பில்லை.

இரண்டாவது சோதனை, சொல்ல வந்ததைச் செய்தித்தாள் தமிழில் ஒரு தடவை சொல்லிப் பார்ப்பது. பேச்சில் நாம் ‘அனுப்பப்பட்டுள்ளது’ என்றெல்லாம் சொல்வதில்லை. ஆனால் அரசாணையும் செய்தித்தாளும் படித்த பழக்கம் எல்லோருக்கும் இருக்கிறது. ‘அனுப்பப்பட்டுள்ளது’ என்று வந்தால் ‘ஹேஸ் பீன் சென்ட்’. ‘அனுப்பப்பட்டது’ என்றால் ‘வாஸ் சென்ட்’. ‘அனுப்பப்பட்டு வருகிறது’ என்றால் ‘இஸ் பீயிங் சென்ட்’. ‘அனுப்பியுள்ளோம்’ என்று வந்தால் இது செயப்பாட்டு வினையே இல்லை, ‘ஹேவ் சென்ட்’ மட்டும் போதும், பீனுக்கு அங்கே வேலை கிடையாது.

பெரும்பாலான மெயில்கள் இந்த இரண்டு சோதனையிலேயே சரியாகிவிடும். ஆகாதவைதான் கீழே.

## அறிகுறி: ‘பீன்’ காணாமல் போயிருக்கிறது

‘யுவர் ரீஃபண்ட் ஹேஸ் ப்ராசஸ்ட்.’ ‘தி அமவுண்ட் ஹேஸ் க்ரெடிட்டட் டு யுவர் அக்கவுண்ட்.’

வேகத்தில் விட்டுப்போயிருக்கலாம். அப்படியானால் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.

வேகத்தில் விடவில்லை, சரி என்று நினைத்தே எழுதினீர்கள் என்றால் காரணம் வேறு. ‘முடிந்துவிட்டது’, ‘ஏறிவிட்டது’ என்று தமிழில் யோசித்திருப்பீர்கள். பணம் கணக்கில் ‘ஏறிவிட்டது’ என்று நாம் சொல்லும்போது ஏற்றியவர் யார் என்ற கேள்வி எழுவதில்லை. ஆங்கிலத்தின் ‘க்ரெடிட்’ அப்படி இல்லை, அதற்கு ஒரு ஆள் வேண்டும். எனவே இப்படிக் கேளுங்கள்: ரீஃபண்ட் தன்னைத் தானே ப்ராசஸ் செய்துகொள்ளுமா? செய்யாது. அப்படியானால் ‘பீன்’ வேண்டும்.

சில வினைகள் இரண்டு பக்கமும் ஆடும். ஸ்டார்ட், எண்ட், ஓப்பன், க்ளோஸ், சேஞ்ச், இம்ப்ரூவ், இன்க்ரீஸ் எல்லாம் இந்த ரகம். ‘தி மீட்டிங் ஹேஸ் எண்டட்’ என்று பீன் இல்லாமலே எழுதலாம். இங்கே பீன் போடுவதா வேண்டாமா என்பதைப் பொருள்தான் முடிவு செய்யும். ‘தி ப்ரைஸ் ஹேஸ் இன்க்ரீஸ்ட்’ என்றால் விலை உயர்ந்துள்ளது. ‘தி ப்ரைஸ் ஹேஸ் பீன் இன்க்ரீஸ்ட்’ என்றால் விலை உயர்த்தப்பட்டுள்ளது. யாரோ உட்கார்ந்து முடிவெடுத்து உயர்த்தியிருக்கிறார்கள். வாடிக்கையாளருக்கு விலை மாற்றத்தைத் தெரிவிக்கும் கடிதத்தில் இந்த இரண்டும் ஒன்றாகாது. உயர்த்தியது நாமாக இருக்கும்போது ‘ஹேஸ் இன்க்ரீஸ்ட்’ என்று எழுதினால், மழை பெய்த மாதிரி விலை தானாக ஏறியதாக ஆகிவிடும். படிக்கிறவருக்கு எரிச்சல் வரும். உயர்ந்தது, உயர்த்தப்பட்டது, திறந்தது, திறக்கப்பட்டது, மாறியது, மாற்றப்பட்டது. தமிழ் ஜோடியில் எது பொருந்துகிறது என்று பார்த்தாலே இங்கே விடை கிடைத்துவிடும்.

‘கம்ப்ளீட்’ கொஞ்சம் இழுபறி. ‘தி டவுன்லோட் ஹேஸ் கம்ப்ளீட்டட்’ என்று கணினித் திரையில் வரும், அது பழகிவிட்டது. ஆனால் ‘தி பெயின்டிங் வொர்க் ஹேஸ் கம்ப்ளீட்டட்’ என்று எழுதாதீர்கள். ‘ஹேஸ் பீன் கம்ப்ளீட்டட்’ என்பதே பத்திரம்.

## அறிகுறி: வேண்டாத இடத்தில் ‘பீன்’ வந்து உட்கார்ந்திருக்கிறது

‘ஐ ஹேவ் பீன் ரிசீவ்ட் யுவர் மெயில்.’ ‘ஐ ஹேவ் பீன் கம்ப்ளீட்டட் மை பி.இ.’ வேலைக்கு வரும் விண்ணப்பங்களில் இரண்டாவது வாக்கியத்தைப் பார்க்காத ஆள் இருக்க முடியாது.

‘ஐ ஹேவ் பீன் வொர்க்கிங்’ என்று சொல்லிச் சொல்லி, ‘ஹேவ் பீன்’ இரண்டும் ஒட்டிப் பிறந்தவை என்று நாக்கு நினைத்துக்கொள்கிறது. சோதனை எளிது. வினைக்கு முன்னால் இருப்பவர் அந்த வேலையைச் செய்தவரா? மெயிலைப் பெற்றவர் நான், படிப்பை முடித்தவர் நான். செய்தவர் என்றால், மூன்றாம் வடிவத்துக்கு முன்னால் இருக்கும் பீனை எடுத்துவிடுங்கள்.

கொடுக்கல் வாங்கல் வினைகளில்தான் ஆபத்து: கிவ், பே, ஆஃபர், செண்ட், ஷோ, டெல், ஆஸ்க். இவற்றில் பீன் இருந்தாலும் வாக்கியம் சரி, இல்லாவிட்டாலும் சரி, பொருள் மட்டும் தலைகீழாகிவிடும். ‘வி ஹேவ் பெய்ட்’ என்றால் நாங்கள் பணம் கொடுத்துவிட்டோம். ‘வி ஹேவ் பீன் பெய்ட்’ என்றால் எங்களுக்குப் பணம் வந்துவிட்டது. சரக்கு அனுப்பியவருக்கு ‘பணம் கட்டியாச்சு’ என்று சொல்ல நினைத்து இரண்டாவதை அனுப்பினால், அவர் தலையைச் சொறிந்துகொண்டு போன் செய்வார். எந்தத் திருத்தும் மென்பொருளும் இதைப் பிடிக்காது, ஏனென்றால் இலக்கணப்படி பிழையே இல்லை. பணம், பொருள், வாக்குறுதி கை மாறும் வாக்கியம் எதுவானாலும் ‘யார் கையிலிருந்து யார் கைக்கு’ என்று கேட்டுவிட்டுத்தான் அனுப்புங்கள்.

## அறிகுறி: ‘ஹேஸ் பீன் ஹேப்பண்ட்’

‘அன் ஆக்சிடென்ட் ஹேஸ் பீன் ஹேப்பண்ட்.’ ‘யுவர் பாலிசி ஹேஸ் பீன் எக்ஸ்பயர்ட்.’ ‘தி கன்சைன்மென்ட் ஹேஸ் பீன் அரைவ்ட்.’

எதை, யாரை என்று கேளுங்கள். எதை நிகழ்ந்தது? எதை வந்து சேர்ந்தது? கேள்வியே பொருந்தவில்லை. செயப்படுபொருள் குன்றிய வினைக்குச் செயப்பாட்டு வினை கிடையாது, தமிழிலும் ‘வந்து சேரப்பட்டது’ என்று யாரும் எழுத மாட்டோம். பீனை எடுத்துவிட்டால் மூன்று வாக்கியமும் சரி. ஹேப்பன், அக்கர், அரைவ், டை, எக்ஸ்பயர், டிஸப்பியர், பிலாங் ஆகியவை அடிக்கடி மாட்டும் வினைகள்.

‘ரீச்’ மட்டும் விதிவிலக்கு மாதிரி தெரியும். ‘ஆன் அக்ரிமென்ட் ஹேஸ் பீன் ரீச்ட்’ சரிதான், ஏனென்றால் ஆங்கிலத்தில் ஒரு உடன்பாட்டை ‘எட்டுகிறார்கள்’. எதை என்ற கேள்விக்குப் பதில் இருக்கிறது. ஆனால் பார்சல் வந்து சேர்ந்ததற்கு ‘ஹேஸ் பீன் ரீச்ட்’ வராது.

## அறிகுறி: ‘இஸ் பீன்’, ‘ஹேஸ் பீயிங்’

இது காதின் கோளாறு. ‘இட்ஸ் பீன் போஸ்ட்போன்ட்’ என்று கேட்கும்போது அந்த ‘இட்ஸ்’ உள்ளே இருப்பது ‘ஹேஸ்’. நாம் ‘இஸ்’ என்று நினைத்து விரித்து எழுதி ‘தி மீட்டிங் இஸ் பீன் போஸ்ட்போன்ட்’ ஆக்கிவிடுகிறோம்.

பீனுக்கு முன்னால் ஹேவ் குடும்பம்: ஹேஸ், ஹேவ், ஹேட், ஹேவிங். பீயிங்குக்கு முன்னால் இஸ் குடும்பம்: ஆம், இஸ், ஆர், வாஸ், வேர். குடும்பம் மாறிப் பெண் எடுப்பதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த ஜோடியை எடுப்பது என்று தெரியவில்லையா? வேலை முடிந்துவிட்டதா, நடந்துகொண்டிருக்கிறதா என்று சம்பந்தப்பட்டவரிடம் கேளுங்கள். ரீஃபண்ட் இன்னும் பரிசீலனையில் இருந்தால் ‘இஸ் பீயிங் ப்ராசஸ்ட்’. ‘ஹேஸ் பீன்’ என்று எழுதினால் வாடிக்கையாளர் அன்றைக்கே வங்கிக் கணக்கைத் திறந்து பார்ப்பார்.

## அறிகுறி: தேதியோடு ‘ஹேஸ் பீன்’ மோதுகிறது

‘தி ஃபார்ம் ஹேஸ் பீன் சப்மிட்டட் யெஸ்டர்டே.’

எனக்குத் தெரிந்து அதிகம் வரும் கோளாறு இதுதான். நன்றாக ஆங்கிலம் எழுதுபவர்களிடமும் வரும். காரணத்தைச் செய்தித்தாளிலேயே பார்க்கலாம். ‘நேற்று இரவு கைது செய்யப்பட்டுள்ளார்’ என்று தமிழில் தாராளமாக எழுதுகிறோம், படிக்கும்போது ஒன்றும் உறுத்துவதில்லை. ஆங்கிலத்தில் முடிந்துபோன நேரத்தைச் சொன்ன கையோடு ‘ஹேஸ் பீன்’ வரக் கூடாது. மேலே சொன்ன தமிழ்ச் சோதனை முக்கியமாகக் கைவிடும் இடம் இது, எனவே இங்கே கூடுதல் கவனம் வேண்டும்.

முதலில் நேரச் சொல்லைத் தேடுங்கள். யெஸ்டர்டே, லாஸ்ட் வீக், இன் 2019, அட் 4 பி.எம்., டூ டேஸ் அகோ என்று ஏதாவது இருந்தால் ‘வாஸ்’ அல்லது ‘வேர்’. ‘தி ஃபார்ம் வாஸ் சப்மிட்டட் யெஸ்டர்டே.’ தேதி முக்கியமில்லை என்றால் தேதியை எடுத்துவிட்டு ‘ஹேஸ் பீன் சப்மிட்டட்’ என்று விடலாம். இரண்டில் ஒன்றுதான், இரண்டும் சேர்ந்து நிற்காது. பிறந்த தேதிக்கும் ‘வாஸ் பார்ன்’ மட்டுமே.

ஆல்ரெடி, ஜஸ்ட், யெட், சோ ஃபார், ரீசன்ட்லி, சின்ஸ் போன்றவை இருந்தால் ‘ஹேஸ் பீன்’ தாராளமாக வரலாம். ‘திஸ் வீக்’ போட்டாலும் சரி, வாரம் இன்னும் முடியவில்லை. அமெரிக்கர்கள் ஆல்ரெடியோடும் ஜஸ்ட்டோடும் ‘வாஸ்’ போட்டு எழுதுவார்கள். அவர்கள் மெயிலைத் திருத்தப் போகாதீர்கள்.

‘பிஃபோர் டூ டேஸ்’ என்று எழுதியிருந்தால் அது ‘இரண்டு நாளைக்கு முன்’ என்பதன் நேர் நகல். ‘டூ டேஸ் அகோ’ என்று மாற்றி ‘வாஸ்’ போடுங்கள்.

‘வென்’ போட்டுக் கேட்கும் கேள்வியும் இதே கணக்கு. ‘வென் ஹேஸ் தி பார்சல் பீன் டெலிவர்ட்?’ தப்பு, ‘வென் வாஸ் தி பார்சல் டெலிவர்ட்?’ சரி.

இதற்கு எதிர்த் திசையில் ஒரு கோளாறு உண்டு. ‘தி ஷாப் இஸ் க்ளோஸ்ட் சின்ஸ் மண்டே.’ திங்களிலிருந்து இன்றுவரை மூடியே கிடக்கிறது என்றால் ‘ஹேஸ் பீன் க்ளோஸ்ட் சின்ஸ் மண்டே’. ‘சின்ஸ்’ கண்ணில் பட்டதும் ‘இஸ்’ இருக்கிறதா என்று தேடுவது நல்ல பழக்கம்.

கொஞ்சம் வேலை வாங்குவது, தேதி முந்தைய வாக்கியத்தில் ஒளிந்திருக்கும்போது. ‘திங்கட்கிழமை சந்தித்தோம்’ என்று ஒரு வாக்கியம், அடுத்து ‘விலை முடிவு செய்யப்பட்டுள்ளது’ என்று ஒன்று. சந்திப்பில் நடந்ததைச் சொல்கிறீர்கள் என்றால் ‘வாஸ் ஃபிக்ஸ்ட்’. அந்த விலை இப்போது அமலில் இருக்கிறது என்று சொல்ல வந்தால் ‘ஹேஸ் பீன் ஃபிக்ஸ்ட்’. எழுதியவரைக் கேட்காமல் இதை நீங்களாகத் திருத்த வேண்டாம்.

## அறிகுறி: மூன்றாம் வடிவம் தப்பு

‘ஹேஸ் பீன் டுக்’, ‘ஹேஸ் பீன் ரோட்’, ‘ஹேஸ் பீன் சூஸ்’. சரியானவை டேக்கன், ரிட்டன், சோஸன். அகராதியில் மூன்றாவதாக இருப்பதை எடுங்கள், இதில் யோசிக்க ஒன்றுமில்லை. புட், கட், செட், ஷட் மூன்று வடிவத்திலும் மாறாது. ‘ரீட்’ எழுத்தில் மாறாது, ‘ஹேஸ் பீன் ரெட்’ என்று உச்சரிப்பில் மட்டும் மாறும்.

செண்ட், சென்ட் இரண்டும் நம் காதுக்கு ஒன்றுபோலவே கேட்கும். ‘பீன்’ என்பதற்குப் பின்னால் வரும்போது கடைசி எழுத்து ‘டைகர்’ என்பதன் முதலெழுத்தாக இருக்க வேண்டும், ‘டாக்’ (நாய்) என்பதன் முதலெழுத்தாக இருக்கக் கூடாது. ஸ்பெண்ட், பில்ட், லெண்ட் எல்லாவற்றுக்கும் இதே சோதனை.

## அறிகுறி: ‘ஹேஸ்’ஸா ‘ஹேவ்’வா

‘டீடெயில்ஸ் ஹேஸ் பீன் சென்ட்’ என்று எழுதுபவர் தமிழிலும் ‘விவரங்கள் அனுப்பப்பட்டுள்ளது’ என்றே எழுதுவார். ‘அனுப்பப்பட்டுள்ளன’ என்று எழுதப் பழகினால் இரண்டு மொழியும் சேர்ந்து சரியாகும்.

எழுவாய் நீளமாக இருந்தால் தலைச் சொல்லைப் பிடியுங்கள். ‘தி லிஸ்ட் ஆஃப் நேம்ஸ்’ என்பதில் தலை ‘லிஸ்ட்’, எனவே ‘ஹேஸ்’. ‘ஒன் ஆஃப் தி ஃபைல்ஸ்’ என்றாலும் ‘ஹேஸ்’. இன்ஃபர்மேஷன், ஃபர்னிச்சர், எக்விப்மென்ட், லக்கேஜ் எல்லாம் எத்தனை இருந்தாலும் ‘ஹேஸ்’தான், அவற்றுக்குப் பன்மை விகுதியும் சேர்க்கக் கூடாது. ‘போலீஸ்’ மட்டும் எப்போதும் ‘ஹேவ்’. பணத்தை மொத்தத் தொகையாகச் சொல்லும்போது ஒருமை: ‘ஃபைவ் தவுசண்ட் ருபீஸ் ஹேஸ் பீன் டெபிட்டட்’. மஸ்ட், ஷுட், மே பின்னால் எழுவாய் எதுவானாலும் ‘ஹேவ்’.

## அறிகுறி: கேள்வியில் வரிசை குழம்புகிறது

‘ஒய் தி ஆர்டர் ஹேஸ் நாட் பீன் டிஸ்பாட்ச்ட்?’ இதில் ‘ஹேஸ்’ முன்னுக்கு வர வேண்டும்: ‘ஒய் ஹேஸ் தி ஆர்டர் நாட் பீன் டிஸ்பாட்ச்ட்?’

ஆனால் ‘ப்ளீஸ் லெட் அஸ் நோ ஒய்’ என்று ஆரம்பித்தால் பழைய வரிசையே சரி: ‘ஒய் தி ஆர்டர் ஹேஸ் நாட் பீன் டிஸ்பாட்ச்ட்’. கேள்விக்குறிக்குப் பதில் முற்றுப்புள்ளி. வரிசையில் சந்தேகம் இருந்தால் இப்படியே எழுதிவிடுங்கள். பிழையும் வராது, அதட்டிக் கேட்கும் தொனியும் இருக்காது.

## அறிகுறி: ‘இட் ஹேஸ் பீன் இன்ஃபார்ம்ட் தட்’

‘தெரிவிக்கப்பட்டுள்ளது’ என்ற நம் அலுவலகத் தமிழின் நேர் நகல். ‘இன்ஃபார்ம்’ வந்தால் யாருக்குத் தெரிவிக்கப்பட்டது என்று ஆள் வேண்டும்: ‘வி ஹேவ் பீன் இன்ஃபார்ம்ட் தட்’. ஆளைச் சொல்ல விருப்பமில்லை என்றால் ‘அனவுன்ஸ்’ போன்ற வேறு வினைக்கு மாறுங்கள்: ‘இட் ஹேஸ் பீன் அனவுன்ஸ்ட் தட்’.

‘எக்ஸ்ப்ளெய்ன்’ இதற்கு நேர் எதிர். ‘ஐ ஹேவ் பீன் எக்ஸ்ப்ளெய்ன்ட்’ என்றால் என்னைப் பற்றி யாரோ விளக்கம் கொடுத்துவிட்டார்கள் என்று ஆகும். ‘தி ப்ரொசீஜர் ஹேஸ் பீன் எக்ஸ்ப்ளெய்ன்ட் டு மீ’ என்று எழுதுங்கள்.

## அறிகுறி: இலக்கணம் சரி, ஆனால் நழுவுகிற மாதிரி இருக்கிறது

‘எ மிஸ்டேக் ஹேஸ் பீன் மேட் இன் யுவர் பில்.’ பாகங்கள் எல்லாம் சரியாக இருக்கின்றன. ஆனால் பில் போட்டது யார்? நாம்தானே?

1876 டிசம்பரில் அமெரிக்க அதிபர் யுலிசிஸ் கிராண்ட் தன் கடைசி ஆண்டறிக்கையை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியபோது ‘மிஸ்டேக்ஸ் ஹேவ் பீன் மேட்’ என்று எழுதினார். அதுவரை மட்டும் படித்தால் ஒரே வாக்கியத்துக்குள் ஒப்புக்கொள்ளலும் நழுவலும் இருக்கும். அவரைப் பற்றி நியாயமாகச் சொல்வதென்றால், ‘அது எல்லோருக்கும் தெரிகிறது, நானும் ஒப்புக்கொள்கிறேன்’ என்ற பொருளில் உடனே சேர்த்துக்கொண்டார். நம் மெயில்களில் அந்தப் பின்பாதி வருவதே இல்லை.

மன்னிப்புக் கேட்கும் மெயிலில் ‘ஹேஸ் பீன்’ இருந்தால் ‘வி’ போட்டு மாற்றுங்கள். வேறு இடங்களில் ஒரு சின்னப் பரிசோதனை: கடைசியில் ‘பை மீ’ அல்லது ‘பை அஸ்’ என்று இருக்கிறதா? இருந்தால் செய்தவரை வாக்கியத்தின் முன்னால் கொண்டுவாருங்கள். ‘தி ரிப்போர்ட் ஹேஸ் பீன் ப்ரிப்பேர்ட் பை மீ’ என்பதைவிட ‘ஐ ஹேவ் ப்ரிப்பேர்ட் தி ரிப்போர்ட்’ எவ்வளவோ மேல். செய்தவர் முக்கியமே இல்லாதபோது (கதவு பூட்டப்பட்டுள்ளது, கணக்கு முடக்கப்பட்டுள்ளது) செயப்பாட்டு வினையை அப்படியே விடுங்கள். வேர்ட் மென்பொருள் அதன் அடியில் கோடு போட்டு ‘பேசிவ் வாய்ஸ்’ என்று சொன்னால் அது ஒரு யோசனைதான், பிழை என்று அர்த்தமில்லை.

## அறிகுறி: எவ்வளவு திருத்தினாலும் வாக்கியம் நிற்கவில்லை

‘தி பில்டிங் ஹேஸ் பீன் பில்டிங் ஃபார் டூ இயர்ஸ்.’ இரண்டு வருடமாகக் கட்டப்பட்டு வருகிறது என்று சொல்ல வேண்டும். இலக்கணப்படி ‘ஹேஸ் பீன் பீயிங் பில்ட்’ என்று ஒன்று உண்டு. ஆனால் கிட்டத்தட்ட யாரும் அதைச் சொல்வதில்லை, படிக்கிறவருக்கும் அச்சுப் பிழை போலத் தெரியும். இங்கே திருத்துவதை நிறுத்திவிட்டு வேறு வாக்கியம் எழுதுங்கள்: ‘தி பில்டிங் ஹேஸ் பீன் அண்டர் கன்ஸ்ட்ரக்ஷன் ஃபார் டூ இயர்ஸ்.’ அண்டர் ரிவ்யூ, அண்டர் ரிப்பேர், இன் ப்ராக்ரஸ் எல்லாம் இதே மாதிரி கைகொடுக்கும்.

## எப்போது ஆளைக் கூப்பிடுவது

அன்றாட மெயிலுக்கு மேலே உள்ளது போதும். சில இடங்களில் கை வைக்காமல் விடுவதே நல்லது.

ஒப்பந்தம், விற்பனைப் பத்திரம், வக்கீல் நோட்டீஸ், பிரமாணப் பத்திரம். இவற்றில் ‘ஹேஸ் பீன் பெய்ட்’, ‘வாஸ் பெய்ட்’, ‘ஷால் பி பெய்ட்’ ஒவ்வொன்றும் பணம் எப்போது கை மாறியது, மாறியதா என்பதையே மாற்றும். பிழை போலத் தெரிந்தாலும் நீங்களாகத் திருத்தாமல் வக்கீலிடம் காட்டுங்கள்.

ஆய்வுக் கட்டுரைக்கு வேறு மரபு. முந்தைய ஆய்வுகளைச் சொல்லும் பகுதியில் ‘இட் ஹேஸ் பீன் ஷோன் தட்’ வரும். நீங்கள் செய்த சோதனையைச் சொல்லும் பகுதியில் ‘சாம்பிள்ஸ் வேர் கலெக்டட்’ வரும். பகுதிக்குப் பகுதி மாறுவதால் அந்தத் துறையில் பிழைத்திருத்தம் செய்பவரிடம் கொடுப்பது மேல். விசா, மருத்துவ அறிக்கை போன்றவற்றுக்கு ஏற்கெனவே அச்சில் உள்ள வாசகத்தை விட்டு நகராதீர்கள்.

யாரிடம் கொடுத்தாலும் ஆங்கில வாக்கியத்தை மட்டும் அனுப்பினால் அவர் ஊகித்துத்தான் திருத்த வேண்டியிருக்கும். சொல்ல வந்தது என்ன என்று தமிழில் ஒரு வரி, வேலையைச் செய்தது யார், எந்தத் தேதியில், இன்னும் நடக்கிறதா முடிந்துவிட்டதா என்பதையும் கூடவே எழுதி அனுப்புங்கள்.